ஆசிரியரின் சம்பளம் எங்கே போகிறது?

குறிஞ்சாக்கேணியில் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு மாதம் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆசிரியர்களுக்குச் சம்பளம் விழுவதற்கு முந்திய நாட்கள் ஒன்று. விழுந்ததற்குப் பிந்திய நாட்கள் மற்றொன்று. முந்திய நாட்களில் கடன் கொப்பி நிறையும். பிந்திய நாட்களில் காசு லாச்சி நிறையும். கிண்ணியாவில் எந்தக் கடைத்தெருவில் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும்.

காரணம் எளிது. நமது பகுதியில் வயல் உண்டு, மாடு உண்டு, கடல் உண்டு, வெளிநாட்டுப் பணமும் உண்டு. ஆனால் நெல் வருடத்தில் இரண்டு போகத்துக்குத்தான் காசு தரும். கடல் காற்றைப் பார்த்துத் தரும். வெளிநாட்டுப் பணம் அங்குள்ளவரின் விசாவைப் பார்த்து வரும். மாதம் தவறாமல் வரும் பணம் அரசாங்கச் சம்பளம் மட்டுமே. யுத்த காலத்திலும் அது நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னரும் அது வந்தது. அரசாங்க ஊழியர்களில் நமக்கு மிக அருகில், அதிக எண்ணிக்கையில் இருப்பவர்கள் ஆசிரியர்கள். அவர்கள் எப்படிச் செலவழிக்கிறார்கள், எதில் போடுகிறார்கள் என்பதை அறியாமல் வியாபாரம் செய்வது, மழையின் போக்கை அறியாமல் விதைப்பதற்குச் சமம்.

நான் ஹாட்வெயார் கடை நடத்துகிறேன். இந்தப் பாடத்தைப் படித்த விதம் எனக்குப் பெருமை தருவதல்ல. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

சம்பளச் சீட்டை வாசித்தல்

ஆசிரியர் என்றதும் "நல்ல சம்பளம், கடன் கொடுக்கலாம்" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் சம்பளச் சீட்டின் மேல்பகுதியில் உள்ள தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு.

மேல்பகுதியில் அடிப்படைச் சம்பளமும் 17,800 ரூபா வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவும் இருக்கும். 2025 வரவு செலவுத் திட்டம், அரசாங்க சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தியது. ஆனால் முழு உயர்வும் ஒரே நாளில் கைக்கு வருவதல்ல. 2025 ஏப்ரலில் ஒரு பகுதி, 2026 ஜனவரியில் ஒரு பகுதி, 2027 ஜனவரியில் மிகுதி என்று மூன்று கட்டங்கள். பத்திரிகையில் தலைப்பைப் பார்த்துவிட்டு மறுநாளே கடையில் சாமானைக் குவித்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

கீழ்ப்பகுதியில் கழிவுகள் இருக்கும். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு ஒரு தொகை, அக்ரஹார காப்புறுதிக்கு ஒரு தொகை, சங்கச் சந்தா, கூட்டுறவுச் சிக்கனக் கடன் சங்கத்துக் கழிவு. பிறகு இடர் கடன் தவணை. பெருநாளுக்கு எடுத்த பண்டிகை முற்பணம். வங்கியில் வீட்டுக் கடன் இருந்தால் அதன் தவணை. பண்டிகை முற்பணத்துக்கு வட்டி இல்லை. இடர் கடனுக்குக் குறைவானாலும் வட்டி உண்டு. ஆகவே மார்க்கத்தைப் பேணும் ஆசிரியர்கள் முன்னையதை எடுத்துப் பின்னையதைத் தவிர்க்க முயல்வதை அவதானிக்கலாம்.

இதில் நமக்குரிய பாடம்: இருபது வருட சேவையுள்ள ஒருவரின் கைச்சம்பளம், நேற்று நியமனம் பெற்றவரின் கைச்சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும். வீடு கட்டி, மகளைக் கட்டிக்கொடுத்து, கடனில் பாதி கழித்துக்கொண்டிருப்பவர் அவர். கடன் கொப்பியில் எல்லை வைக்கும்போது பதவியைப் பார்க்காமல் கைக்கு வரும் தொகையைப் பார்க்க வேண்டும். அதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேட்காமல் அள்ளிக் கொடுத்துவிட்டு, பிறகு பாடசாலை வாசலில் போய் நின்று கேட்பதுதான் மரியாதைக் குறைவு.

செலவில் முதலிடம் வீட்டுக்கு

எமது பகுதி ஆசிரியரின் பெருஞ்செலவு சாப்பாடல்ல, வீடு. அதுவும் தனக்கென்று ஒன்றல்ல. பெண்பிள்ளை இருந்தால் அவளுக்கும் ஒரு வீடு எழுப்பியாக வேண்டும் என்பது கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வழக்கம். சீதனத்தைப் பற்றி மிம்பர்களில் எவ்வளவோ பேசப்பட்டாகிவிட்டது. ஆயினும் அத்திவாரம் போடுவது நிற்கவில்லை. மகள் எட்டாம் வகுப்புக்கு வரும்போதே தந்தை என் கடைக்கு வந்து கம்பி விலை கேட்பார்.

இந்த வீடு ஒரே மூச்சில் எழும்புவதில்லை. ஒரு வருடம் அத்திவாரம். இன்னொரு வருடம் சுவர். சீட்டு விழுந்தால் கூரை. தளம் போடுவதும் கதவு பூட்டுவதும் கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது. ஆகவே ஆசிரியர் எமக்கு ஒரே தடவையில் பத்து இலட்சத்துக்கு வாங்கும் வாடிக்கையாளர் அல்லர். பத்து வருடங்களுக்குச் சிறுகச் சிறுக வாங்கும் வாடிக்கையாளர். அவரை ஒரு மூடை சீமெந்தின் விலையில் ஏமாற்றியவன் பத்து வருட வியாபாரத்தை இழக்கிறான்.

அடுத்தது பிள்ளைகளின் படிப்பு. மற்றவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்தான் தன் பிள்ளையின் டியூசனுக்கு மிக அதிகம் செலவழிக்கிறார். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர் தரம் என்று மூன்று பரீட்சைகளும் மூன்று செலவுக் காலங்கள்.

மூன்றாவது போக்குவரத்து. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட பின்னர் திருகோணமலை நகரம் மோட்டார் சைக்கிளின் தூரத்துக்குள் வந்துவிட்டது. இது ஆசிரியருக்கு வசதி. நமக்கோ போட்டி. துறையைக் கடக்கும் சிரமத்துக்காகவே ஊரில் வாங்கியவர்கள், இன்று விலையும் தரமும் பார்த்து நகரத்தில் வாங்குகிறார்கள். எனினும் பாலம் இல்லாத இடத்தில் பயணம் என்னவாகும் என்பதை நமது ஊர் மறக்காது. 2021 நவம்பர் 23 காலையில் குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மரணித்தார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அன்றிலிருந்து எத்தனையோ பெற்றோர் கடன்பட்டாவது சொந்த வாகனம் தேடினார்கள். அந்தத் தவணைகளும் சம்பளத்தில்தான் போகின்றன.

சேமிப்பு எங்கே இருக்கிறது?

ஆசிரியர்களிடம் சேமிப்பு இல்லை என்று சொல்வோர் வங்கிப் புத்தகத்தை மட்டும் பார்க்கிறார்கள். சேமிப்பு வேறு இடங்களில் இருக்கிறது.

முதலாவது சீட்டு. ஆசிரியர் ஓய்வறையில் இருபது பேர் சேர்ந்து மாதம் பத்தாயிரம் போட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு இரண்டு இலட்சம் கிடைக்கும். ஏலம் கூறாமல் குலுக்கலில் கொடுக்கும்வரை இதில் வட்டி கலப்பதில்லை. யாருக்கு எந்த மாதம் விழுகிறது என்பதை அறிந்த தளபாடக் கடைக்காரர் அந்த மாதம் நல்ல வியாபாரம் செய்வார்.

இரண்டாவது தங்கம். 2021 இல் ஒரு பவுன் ஓர் இலட்சத்துச் சொச்சமாக இருந்தது. 2025 இல் அது இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. வங்கியில் போட்டவரைவிடத் தங்கத்தில் போட்டவர் தப்பினார் என்பது உண்மை. ஆனால் தங்கம் மாத வருமானம் தராது. அவசரத்துக்கு ஈடு வைத்தால் அங்கே வட்டி வந்து நிற்கும். சேமித்து வைத்த தங்கம் 85 கிராமை, அதாவது பத்தரைப் பவுன் அளவைத் தாண்டினால் ஸகாத்தும் உண்டு.

மூன்றாவது வயலும் மாடும். வயல் வாங்க முடியாதவர் குத்தகைக்கு எடுப்பார். மாட்டை வாங்கிப் பட்டிக்காரரிடம் வாரத்துக்கு விடுவார். கிண்ணியாத் தயிருக்குப் பின்னால் ஆசிரியர்களின் முதலும் இருக்கிறது. இவை ஆபத்தான முதலீடுகள்தாம். 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது குத்தகைப் பணம் கொடுத்தவர்கள் விளைச்சல் குறைந்து தவித்தார்கள். இங்கே ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். குத்தகை வேறு, ஒற்றி வேறு. இரண்டு இலட்சம் கொடுத்து, அது திரும்பி வரும்வரை வயலைச் செய்து பலனை எடுத்துவிட்டு, பிறகு இரண்டு இலட்சத்தையும் முழுமையாக வாங்குவது கடனுக்குப் பயன் பெறுவதாகும். அதை உலமாக்கள் வட்டியின் வாசல் என்றே சொல்கிறார்கள்.

நான்காவது வங்கி. 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி திறந்தது. 2011 இல் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வர்த்தக வங்கியாகத் தொழிலைத் தொடங்கியது. அதற்கு முன்னர் வட்டியை அஞ்சிய ஆசிரியர் பணத்தை அலுமாரியில் வைத்தார். அல்லது நம்மிடம் தந்தார்.

கண்ணுக்குத் தெரியாத சேமிப்பு

இவற்றையெல்லாம்விடப் பெரிய சேமிப்பு ஒன்று ஆசிரியருக்கு உண்டு. அது ஓய்வூதியம். அறுபது வயதில் ஓய்வுபெறும்போது, ஏறத்தாழ இரண்டு வருட ஓய்வூதியத்துக்குச் சமமான தொகை பணிக்கொடையாக ஒரே தடவையில் கிடைக்கும். பிறகு மௌத்தாகும்வரை மாதாந்த ஓய்வூதியம். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 இற்குப் பின் நியமனம் பெற்ற ஆசிரியர்கள் தம் சம்பளத்தில் பத்து வீதத்தைக் கொடுக்கும் பங்களிப்புத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டு, பழைய ஓய்வூதியத்தைக் கேட்டு வருடக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் எதற்காகப் போராடினார்கள் என்பதை யோசித்தால், நமது ஆசிரியர் கையில் வைத்திருப்பதன் பெறுமதி விளங்கும்.

நாளைய சோறு உறுதி என்பதால்தான் இன்றைய சம்பளத்தை அவர் வீட்டில் போடத் துணிகிறார். வியாபாரியாகிய எமக்கு அந்த உறுதி இல்லை. ஆனால் நாம் அவரைப் பார்த்து அவரைப்போலவே வீடு கட்டுகிறோம், கலியாணம் செய்கிறோம். கடை முதலை எடுத்து மாடி கட்டியவர்கள் எத்தனை பேர் இன்று கடையில்லாமல் மாடியில் இருக்கிறார்கள்!

2022 கற்றுத்தந்தது

ஆசிரியர்கள் 2021 இல் மாதக்கணக்கில் போராடிப் பெற்ற சம்பள உயர்வு 2022 ஜனவரியில் கைக்கு வந்தது. அதே வருடம் மார்ச்சில் ரூபா சரிந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. உயர்ந்த சம்பளம் உயராத சம்பளத்தைவிடச் சிறிதாகிவிட்டது. என் கடையில் 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற சீமெந்து மூடை, 2022 நடுப்பகுதியில் மூவாயிரத்தை அண்டியது. அரைகுறை வீடுகள் அப்படியே நின்றன.

நிலையான சம்பளக்காரருக்கு விலையேற்றம் முழு நட்டம். கடையில் பழைய விலைச் சாமான் வைத்திருப்பவனுக்கு அது அப்படியல்ல. இந்த வித்தியாசத்தில்தான் என் கதை இருக்கிறது.

ஆறு இலட்சத்தின் கதை

2019 நோன்பு முடிந்த கையோடு, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் பணிக்கொடையில் ஆறு இலட்சம் ரூபாவை என்னிடம் கொண்டுவந்து தந்தார். எனக்கும் படிப்பித்தவர். "தம்பி, பேங்கில போட விருப்பமில்ல. நீங்க யாவாரத்தில போட்டு ஏதாவது தாங்க" என்றார். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் முஸ்லிம் கடைகள் படுத்திருந்த காலம் அது. பணம் எனக்குப் பெரிய உதவி. மாதம் ஒன்பதாயிரம் தருவதாகச் சொன்னேன். எழுத்தில் ஒன்றுமில்லை. அதற்கு "இலாபம்" என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

மாதம் தவறாமல் கொடுத்தேன். நாணயமாக நடக்கிறேன் என்று நினைத்தேன். 2022 இல் ஒருநாள் சேர் கடைக்கு வந்தார். மகளின் வீட்டுக் குசினித் தளத்துக்கு ஐந்து மூடை சீமெந்து வேண்டும் என்றார். விலையைக் கேட்டார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "இரண்டு மட்டும் போடுங்க தம்பி" என்றார்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். 2019 இல் நான் கொடுத்த ஒன்பதாயிரத்துக்கு ஒன்பது மூடை வரும். 2022 இல் மூன்று மூடை. அவர் தந்த ஆறு இலட்சத்துக்கு அன்று அறுநூறு மூடை. இன்று இருநூறு. மிகுதி நானூறு மூடை எங்கே? அவருடைய பணத்தில் வாங்கிய சாமான் என் கடையில் இருந்து விலை ஏறியது. ஏற்றம் முழுவதும் என் கணக்கில் சேர்ந்தது. இறக்கம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

ஒரு மௌலவியிடம் போனேன். நட்டம் வந்தாலும் இலாபம் வந்தாலும் மாறாத தொகையை முதலுக்குக் கொடுத்தால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது வட்டிதான் என்றார். இருவரும் மனமொப்பி நியாயமான பங்கொன்றைக் கணித்துச் சமாதானமாக முடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

கணிப்பது எப்படி? என்னிடம் முறையான கணக்கு இல்லை. ஆனால் ஸகாத்துக்காக ஒவ்வொரு றமழானிலும் கடைச் சாமானை எண்ணி எழுதும் கொப்பி இருந்தது. அது காப்பாற்றியது. 2019 இல் சேரின் பணத்தையும் சேர்த்துக் கடையின் முதல் 30 இலட்சம். ஆகவே அவர் பங்கு ஐந்தில் ஒன்று. 2023 றமழானில் எண்ணியபோது கடன்கள் போக 75 இலட்சம். வளர்ச்சி 45 இலட்சம். இடையில் வீட்டுச் செலவுக்கு நான் எடுத்தது ஏறத்தாழ 30 இலட்சம். மொத்தம் 75 இலட்சம் இலாபம். அதில் ஐந்தில் ஒன்று 15 இலட்சம். என் உழைப்புக்குப் பாதி, அவர் முதலுக்குப் பாதி என்று வைத்தால் அவருக்கு ஏழரை இலட்சம். நாற்பத்தாறு மாதங்களில் நான் கொடுத்தது 4,14,000. மிகுதி 3,36,000 ரூபா.

சட்டம் இதை என்னிடம் கேட்காது. சேரும் கேட்கவில்லை. ஆனால் கணக்கு கேட்டது. மூன்று தவணைகளில் கொடுத்து முடித்தேன். அவருடைய ஆறு இலட்சம் இன்றும் கடையில் இருக்கிறது. ஆனால் இப்போது எழுத்தில், இரண்டு சாட்சிகளுடன்.

பணம் வாங்குமுன்

ஊரில் என்னைப்போல் ஆசிரியரின் பணத்தை வைத்திருக்கும் வியாபாரிகள் பலர். அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

ஒன்று: எழுதுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம் கட்டளையிடுகிறது. மௌத்துக்குப் பின் பிள்ளைகள் பேசப்போவது அந்தக் கடதாசியை வைத்துத்தான்.

இரண்டு: தொகையைப் பேசாமல் விகிதத்தைப் பேசுங்கள். இலாபத்தில் பாதியா, மூன்றில் ஒன்றா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மாதாமாதம் கொடுப்பதை முற்பணமாக எழுதி, வருட முடிவில் நேர்செய்யுங்கள்.

மூன்று: நட்டத்தை மறைக்காமல் சொல்லுங்கள். முழாரபாவில் நட்டம் முதலிலிருந்துதான் போகும், உழைத்தவனுக்கு உழைப்பு வீண். ஆனால் அவனுடைய கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு அவனே பொறுப்பு. இதைக் கேட்டும் பணம் தர விரும்புபவரிடம் மட்டும் வாங்குங்கள். வாழ்நாள் பணிக்கொடை முழுவதையும் தர வந்தால் பாதியைத் திருப்பி அனுப்புங்கள்.

நான்கு: வருடத்துக்கு ஒரு தடவை சாமானை எண்ணி, முதல் தந்தவருக்குக் காட்டுங்கள். சாமானின் விலை ஏறியதால் கூடிய பணத்தையெல்லாம் செலவழிக்கக்கூடிய இலாபம் என்று எண்ணிவிடாதீர்கள். அதே சாமானைத் திரும்ப வாங்கவும் அந்தப் பணம்தான் வேண்டும்.

ஐந்து: கண்டவரிடமெல்லாம் வைப்புப் பணம் வாங்காதீர்கள். மத்திய வங்கியின் அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வைப்பு ஏற்பது 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின்படி குற்றம். ஆங்கில டியூசன் மூலம் பெயர்பெற்ற சக்வித்தி ரணசிங்க 2008 இல் மக்களின் பணத்தோடு தலைமறைவானதும், அதே வருட இறுதியில் கோல்டன் கீ நிறுவனம் சரிந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. அனுமதி பெற்ற வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. நமது கடையில் வைத்த பணத்துக்குக் காப்புறுதி நமது அமானிதம் மட்டுமே.

ஆசிரியரின் சம்பளம் எங்கே போகிறது என்று கேட்டேன். வீட்டுக்குப் போகிறது, பிள்ளைக்குப் போகிறது, தங்கத்துக்கும் வயலுக்கும் போகிறது. கடைசியில் பெரும்பங்கு நமது லாச்சிக்குத்தான் வந்து சேருகிறது. வாடிக்கையாளராக வந்து தருவதில் விலை நேர்மை வேண்டும். முதலாக வந்து தருவதில் கணக்கு நேர்மை வேண்டும். இந்த வாரம் உங்கள் கடையில் யாருடைய பணமாவது எழுத்தில்லாமல் இருந்தால், கடையைப் பூட்டுமுன் ஒரு கடதாசியை எடுத்து அதை எழுதிவிடுங்கள். நாளை எழுதலாம் என்றுதான் நானும் நான்கு வருடங்கள் இருந்தேன்.